பக்கத்தில் விழுந்த ராக்கெட்டுக்குச் சாட்சி யார்?

அமெரிக்கத் தரைப்படையின் ராணுவ ஆவணத் திருத்த வாரிய உறுப்பினர்களுக்கு,

தமிழில் எழுதும் இந்தக் கடிதம் உங்கள் மேசைக்கு வந்து சேருமா என்று எனக்குத் தெரியாது. யாராவது மொழிபெயர்த்துத் தந்தால் உண்டு. எங்கள் ஊர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருந்தவர்கள் என்பதால், அவர்களும் இதைப் படிக்கட்டும் என்றுதான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

நான் இந்தியத் தரைப்படையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். துப்பாக்கியைப் பிடித்ததைவிட டைப்ரைட்டரைத் தட்டியதுதான் அதிகம். மனுதாரர்களின் பெயரை அடித்துவிட்டு உங்கள் வாரியம் வெளியிடும் தீர்ப்புகளைக் கொஞ்ச காலமாகப் படித்து வருகிறேன். அடுத்தவன் பட்டாளத்து ஃபைல் உனக்கு எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். பழக்க தோஷம், வேறென்ன சொல்ல? அந்தத் தீர்ப்புகளில் ஒரு வகை மனு திரும்பத் திரும்ப வருகிறது. ஈராக்கிலோ ஆப்கானிஸ்தானிலோ முகாமின் மேல் ராக்கெட் விழுந்தது, நான் பக்கத்தில் இருந்தேன், எனக்கு காம்பாட் ஆக்‌ஷன் பேட்ஜ் தரப்படவில்லை, தாருங்கள் என்று ஒரு பழைய சிப்பாய் கேட்கிறார். கீழ் அலுவலகம் முதலில் இல்லை என்கிறது. பிறகு உங்களிடம் வருகிறார். பெரும்பாலும் நீங்கள் தரும் பதிலும் அதுதான்: போதிய ஆவணச் சான்று இல்லை.

இந்த பேட்ஜைப் பற்றி எங்கள் வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். உங்கள் நாட்டில் காலாட்படைக்காரர்களுக்கு 1943 முதல் தனி பேட்ஜ் உண்டு. களத்தில் மருத்துவம் பார்ப்பவர்களுக்கு 1945 முதல் உண்டு. லாரி ஓட்டுபவர், சமையல்காரர், மெக்கானிக், கிளார்க் ஆகியோருக்கு எதுவும் இருக்கவில்லை. போர்முனை என்ற ஒன்று இருந்த காலத்தில் அது பெரிய குறையாகத் தெரியவில்லை. ஈராக்கில் அந்த முனையே இல்லாமல் போனது. வெடிகுண்டு சாலையில் இருந்தது, ராக்கெட் தூங்கும் இடத்துக்கு வந்தது. எனவே 2005 மே மாதம் காம்பாட் ஆக்‌ஷன் பேட்ஜ் உருவாக்கப்பட்டது. இரண்டு அங்குல அகலத்தில் ஒரு வெள்ளி நிறச் சின்னம். நடுவில் துப்பாக்கி ஈட்டியும் கையெறி குண்டும், சுற்றி ஓக் இலை வளையம். 2001 செப்டம்பர் 18 முதல் நடந்தவற்றுக்குப் பின்தேதியிட்டும் தரலாம் என்றார்கள். விதி சுருக்கமானது. எதிரியைத் தாக்கிக்கொண்டோ எதிரியால் தாக்கப்பட்டுக்கொண்டோ அந்த இடத்தில் நேரடியாக இருந்திருக்க வேண்டும், கடமையைச் சரியாகச் செய்திருக்க வேண்டும். சுட்டிருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. காயம் பட்டிருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. காயத்துக்கு பர்ப்பிள் ஹார்ட் என்ற தனிப் பதக்கம் இருக்கிறது.

ஆக, ராக்கெட் மனுக்களில் கேள்வி ஒன்றே ஒன்றுதான். வெடித்தபோது இந்த ஆள், நியாயமாகப் பார்த்தால் காயம் பட்டிருக்கக்கூடிய அளவுக்குப் பக்கத்தில் இருந்தாரா?

இதைக் காகிதத்தில் நிரூபிப்பது ஏன் அவ்வளவு கஷ்டம் என்பதை ஒரு கிளார்க்காகச் சொல்கிறேன். ஈராக்கில் அதிகம் வந்தது 107 மில்லிமீட்டர் ராக்கெட். சீனர்கள் முதலில் செய்தது, பிறகு பல நாடுகள் பிரதியெடுத்தன. ஒன்று சுமார் 19 கிலோ இருக்கும், எட்டுக் கிலோமீட்டர் வரை போகும். அதற்குப் பீரங்கி வண்டி தேவையில்லை. மண்மேட்டில் சாய்த்து வைத்து, நேரக்கருவியை மாட்டிவிட்டு, வைத்தவன் வீட்டுக்குப் போய்விடலாம். யாரையும் குறிவைக்க முடியாது, முகாம் இருக்கும் திசையில் போனால் போதும். ஈராக்கின் பலத் விமானதளத்தில் மோர்ட்டார் குண்டுகளும் அவ்வளவு அடிக்கடி விழுந்ததால், சிப்பாய்கள் அந்த முகாமுக்கு ‘மோர்ட்டாரிட்டாவில்’ என்றே பட்டப்பெயர் வைத்தார்கள்.

சைரன் அடிக்கும். ஒலிபெருக்கி ‘இன்கமிங், இன்கமிங்’ என்று கத்தும். தகர டப்பா போன்ற கன்டெய்னர் அறையில் படுத்திருப்பவனுக்குக் கிடைக்கும் நேரம் சில விநாடிகள். எழுந்து ஓடினால் கான்கிரீட் பங்கர் பத்தடியிலோ நூறடியிலோ இருக்கும். ஓடாதவர்கள் தரையில் குப்புறப் படுப்பார்கள். சத்தம், அதிர்வு, புழுதி. கொஞ்ச நேரத்தில் ஆபத்து நீங்கியது என்று அறிவிப்பு வரும். அடுத்த வேலை தலை எண்ணுவது. ஒவ்வொரு பிளட்டூனும் தன் ஆட்களை எண்ணி மேலே சொல்ல வேண்டும். எல்லாரும் இருக்கிறார்கள், யாருக்கும் காயமில்லை. மேலே இருப்பவர் குறித்துக்கொள்வார்: சேதம், நில், அதாவது ஒன்றுமில்லை.

இந்த ‘நில்’ என்ற இடத்தில்தான் அந்தச் சிப்பாய் காணாமல் போகிறார். அடிபட்டிருந்தால் அவர் பெயர், நம்பர், ரத்தப் பிரிவு எல்லாம் காகிதத்தில் ஏறியிருக்கும். செத்திருந்தால் சொல்லவே வேண்டாம். தப்பித்ததால் அவர் ஒரு எண்ணிக்கையாகிவிட்டார், அந்த எண்ணிக்கையும் பூஜ்யம். நானும் என் காலத்தில் எத்தனையோ நில் ரிப்போர்ட்டுகள் அடித்திருக்கிறேன். அதிகாரி அவசரப்படுவார், அடுத்த அறிக்கை காத்திருக்கும். ஒன்றும் நடக்காதவர்களின் பெயரை எழுதும்படி எந்தப் படிவமும் கேட்டதில்லை. உங்கள் படையின் படிவங்களும் கேட்டிருக்காது. பத்து வருஷம் கழித்து அதே ஆளிடம் ‘நீ அங்கே இருந்தாய் என்பதற்கு உன் பெயர் போட்ட காகிதம் எங்கே?’ என்று கேட்கிறோம்.

அப்படியும் எழுதப்பட்ட காகிதம் எப்போதும் சரியாக இருந்ததா? 2004 டிசம்பர் 21 அன்று மொசூல் முகாமின் சாப்பாட்டுக் கூடத்தில் குண்டு வெடித்து 22 பேர் இறந்தார்கள். முதலில் ராக்கெட் என்றுதான் செய்தி வந்தது. மனித வெடிகுண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. அத்தனை பேர் இறந்து, உலகமே பார்த்துக்கொண்டிருந்த சம்பவத்துக்கே இந்த நிலை. யாரும் சாகாத ஒரு செவ்வாய்க்கிழமை ராக்கெட்டைப் பற்றிய அறிக்கை எவ்வளவு கவனமாக எழுதப்பட்டிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எதிர்த்தரப்புக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. சந்து சந்தாகச் சண்டை போட்டவனும் சாப்பாட்டு வரிசையில் நின்றவனும் ஒரே மாதிரி சின்னம் குத்திக்கொள்வதா என்று காலாட்படைக்காரர்கள் பொருமுகிறார்கள். அவர்களுக்குத் தனி பேட்ஜ் இருக்கிறது என்பது அந்தப் பொருமலுக்கு முழுப் பதிலாகாது. பலத் ஒரு முகாமே அல்ல, ஓர் ஊர். விமான ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் எங்கோ விழுந்ததை இந்தப் பக்கம் கட்டிலில் கேட்டவருக்கெல்லாம் பேட்ஜ் கொடுத்தால் அதற்கு மதிப்பிருக்காது. அப்படிப்பட்ட மனுக்களும் வருகின்றன. அவற்றை நீங்கள் தள்ளுவது சரி. நான் அந்த இடத்தில் இருந்தாலும் தள்ளியிருப்பேன். என் பேச்சு, நிஜமாகவே பக்கத்தில் இருந்துவிட்டு அதைக் காட்டக் காகிதம் இல்லாதவர்களைப் பற்றியது.

அந்தக் காகிதம் இருக்க வேண்டிய இடம் சிப்பாயின் டிரங்குப் பெட்டி இல்லை, படையின் அலுவலகம். பெரிய முகாம்களில் வந்த ராக்கெட்டை ரேடார் பார்த்தது. எங்கிருந்து கிளம்பியது, எங்கே விழுந்தது என்று கணக்கிட்டது. விழுந்த இடத்துக்கு ஆட்கள் போய்ப் பள்ளத்தை அளந்தார்கள், வெடிக்காத துண்டு இருந்தால் அகற்றினார்கள். நேரத்தோடும் வரைபட எண்ணோடும் முகாமின் பாதுகாப்பு அறையில் பதிவு ஏறியது. இன்னொரு பக்கம், யாருக்கு எந்தக் கன்டெய்னர் அறை என்ற ஒதுக்கீட்டுப் பட்டியல் இருந்தது. யார் எந்த ஷிஃப்டில் எந்தப் பட்டறையில் என்று பணிப்பட்டியல் இருந்தது. இரண்டையும் ஒரே வரைபடத்தின் மேல் வைத்தால் விழுந்த இடத்துக்கும் படுத்த இடத்துக்கும் எத்தனை மீட்டர் என்று ஒரு சாதாரண கிளார்க் அரை நாளில் சொல்லிவிடுவார். இரண்டு காகிதமும் அரசாங்கத்தின் கையில். தேடிக் கொண்டுவர வேண்டியவர் மட்டும் டெக்சாஸிலோ ஒஹாயோவிலோ வீட்டில் உட்கார்ந்திருக்கும் தனி ஆள். பதிவுகளில் பல அப்போது ரகசியம் என்று முத்திரை குத்தப்பட்டவை. கூட இருந்தவர்கள் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள், கமாண்டர் ஓய்வு பெற்றுவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2010 அக்டோபரில் விக்கிலீக்ஸ் ஈராக் போரின் கள அறிக்கைகளை வெளியே விட்டது. 3,91,832 அறிக்கைகள். எந்த ஊரில் எந்த நேரம் என்ன வெடித்தது என்று சென்னையில் இருக்கும் கல்லூரிப் பையன் கூடப் படிக்க முடிந்தது. உங்கள் அரசாங்கமோ அவை இன்னும் ரகசியம்தான், ஊழியர்கள் அலுவலகக் கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கக் கூடாது என்று உத்தரவு போட்டது.

காகிதமே தொலைந்துபோனால்? அதுவும் நடந்தது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின் களப் பதிவுகள் பல யூனிட்டுகளில் காணவில்லை, சில அழிக்கப்பட்டுவிட்டன என்று 2012 நவம்பரில் புரோபப்ளிகா செய்தி நிறுவனமும் சியாட்டில் டைம்ஸ் நாளிதழும் சேர்ந்து எழுதின. மறு வருஷம் படையே இடைவெளிகள் இருப்பதை ஒப்புக்கொண்டு, இருக்கிற பதிவுகளைத் தேடிச் சேர்க்கும்படி உத்தரவிட்டது. அதற்கு முன்னால் 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகம் எரிந்து, 1.6 கோடிக்கும் மேற்பட்ட பணிக் கோப்புகள் சாம்பலாயின. அந்தத் தீயில் போன கோப்புகளுக்காக அந்தக் காலத்துச் சிப்பாயைக் குற்றம் சொன்னவர் யாருமில்லை. பதிவேட்டைத் தொலைத்த அலுவலகம், பதிவில் உன் பெயர் இல்லையே என்று இந்தக் காலத்துச் சிப்பாயிடம் கேட்பது மட்டும் எப்படி முறையாகும்?

நீங்கள் வழக்கமாகச் சாயும் தூண் ஒன்று இருக்கிறது. வேறு சான்று காட்டப்படும்வரை நிர்வாகம் முறைப்படியே நடந்துகொண்டது என்று வைத்துக்கொள்ள வேண்டும் என்ற அனுமானம் அது. சம்பள விவகாரத்திலும் பதவி உயர்விலும் அந்த அனுமானம் பொருந்தும். போர்க்களத்தில் பரிந்துரை எழுத வேண்டிய கமாண்டர் பாதியில் மாற்றலாகிப் போவதும், எழுதிய பரிந்துரை மேலே போகும் வழியில் நிற்பதும் முறைகேடாக நடப்பவை இல்லை, தினசரி நடப்பவை. இதற்கு அல் அசாத் கதையே சாட்சி; அதை யாரும் உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

இருந்தாலும் எங்கள் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 2020 ஜனவரி 8 அதிகாலை, ஈரான் ஈராக்கின் அல் அசாத் விமானதளத்தின் மேல் ஏவுகணைகளை ஏவியது. 11 விழுந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ஆயிரம் பவுண்டுக்கு மேல் வெடிமருந்து. முன்னெச்சரிக்கை கிடைத்ததால் பலர் முன்பே வெளியேற்றப்பட்டார்கள், மிச்சப்பட்டவர்கள் பங்கர்களில் பதுங்கினார்கள். ஒருவரும் சாகவில்லை. முதல் நாள் அறிவிப்பு: அமெரிக்கர் யாருக்கும் பாதிப்பில்லை. அதே ‘நில்’. இரண்டு வாரம் கழித்து டாவோஸில் அதிபர் டிரம்பிடம் கேட்டபோது, தலைவலி என்று கேள்விப்பட்டேன், பெரிதாக ஒன்றுமில்லை என்றார். அந்தத் தலைவலிக்கு மருத்துவர்கள் வைத்த பெயர் மூளைக்காயம். எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் ஏறி, கடைசியில் 110 பேரில் போய் நின்றது. வெடிப்பின் அழுத்த அலை உடம்புக்கு வெளியே கீறல்கூட இல்லாமல் மூளையை உலுக்கிவிடும். அது மருத்துவர்களுக்குத் தெரிந்த செய்திதான். பர்ப்பிள் ஹார்ட் விதிகளும் 2011 முதல் அதைத் தெளிவாகவே ஏற்கின்றன. அப்படியிருந்தும் முதலில் 29 பேருக்குத்தான் பதக்கம் வந்தது. மற்றவர்களின் தாள்கள் நகரவில்லை. சி.பி.எஸ். தொலைக்காட்சி விசாரித்து ஒளிபரப்பிய பிறகு, 2021 டிசம்பரில் இன்னும் 39 பேருக்கு அனுமதி வந்தது.

இந்த 39 பேரும் அதே இரவில் அதே முகாமில் இருந்தவர்கள். இடையில் புதிதாக எந்த ராக்கெட்டும் விழவில்லை. மாறியது ஒன்றுதான்: கேட்பதற்கு ஒரு தொலைக்காட்சி இருந்தது. 2005-இல் ராக்கெட்டுக்குத் தப்பிய டயர் மெக்கானிக்குக்குத் தொலைக்காட்சி வராது. அவருக்கு நீங்கள்தான் கடைசி வாசல்.

இது வெறும் அலங்காரச் சின்னம், இதற்கு இவ்வளவு பாடா என்று யாராவது கேட்கலாம். பேட்ஜுக்கு மாதப் பணம் ஏதுமில்லை என்பது உண்மை. ஆனால் உங்கள் நாட்டின் முன்னாள் படைவீரர் நலத்துறை, சண்டையில் ஈடுபட்டவர் என்று நிலைநாட்டப்பட்டவரின் வாய்மொழியையே சான்றாக எடுத்துக்கொள்ளும். சட்டமே அப்படி. அவர் சண்டையில் இருந்தார் என்பதற்கு இந்த பேட்ஜ் அடையாளம். பேட்ஜ் இருந்தால் சொன்ன வார்த்தை செல்லும். பேட்ஜ் வாங்கப் போனால் வார்த்தை செல்லாது, காகிதம் வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தீரும், பைத்தியம் தீர்ந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற எங்கள் ஊர்ப் பழமொழி இதற்கென்றே செய்தது போலிருக்கிறது.

அந்த நலத்துறை இந்தச் சிக்கலை ஓரளவு உணர்ந்தது. 2010 ஜூலையில் ஒரு விதியைத் திருத்தியது. போர்ச்சூழலில் ஏற்பட்ட பயத்தால் மனநோய் வந்தது என்று ஒருவர் சொன்னால், அவர் வேலை பார்த்த இடமும் காலமும் சூழலும் அதோடு ஒத்துப்போய், துறையின் மருத்துவரும் ஆமாம் என்றால், ராக்கெட் விழுந்ததற்குத் தனியாகச் சான்று கேட்க வேண்டாம் என்றது. பணம் கொடுக்கிற துறையே இவ்வளவு இறங்கி வந்தபோது, காசு செலவில்லாத ஒரு சின்னத்தைத் தருகிற படை இன்னும் இறுக்கிப் பிடிப்பது எனக்கு விளங்கவில்லை.

உங்களால் ஆகாத விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் மேல் பழி போடக் கூடாது. 1991 பிப்ரவரி 25 இரவு, சவூதியின் தஹ்ரானில் தங்குமிடமாக மாற்றப்பட்ட ஒரு கிடங்கின் மேல் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை விழுந்தது. 28 பேர் இறந்தார்கள். அவர்களில் 13 பேர் பென்சில்வேனியாவின் கிரீன்ஸ்பர்க்கிலிருந்து வந்த ஒரே யூனிட்டைச் சேர்ந்தவர்கள். ரிசர்வ் படையினர். தண்ணீர் சுத்திகரிப்பது அவர்கள் வேலை. சவூதிக்கு வந்தே ஆறு நாள்தான் ஆகியிருந்தது. ஏவுகணையைத் தடுக்க வேண்டிய பேட்ரியட் பேட்டரி நூறு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓடியதில் அதன் கணினிக் கடிகாரம் விநாடியில் மூன்றில் ஒரு பங்கு பிசகியிருந்தது. ஸ்கட்டை அது தவறான இடத்தில் தேடியது. திருத்திய மென்பொருள் மறுநாள் வந்து சேர்ந்தது. அந்தக் கிடங்கிலிருந்து உயிரோடு வெளியே வந்தவர்களுக்கு காம்பாட் ஆக்‌ஷன் பேட்ஜ் கிடையாது, ஏனென்றால் கணக்கு 2001-இல் தொடங்குகிறது. தேதியை இரண்டாம் உலகப் போர்வரை பின்னுக்கு நகர்த்தச் சொல்லி உங்கள் நாடாளுமன்றத்தில் சில மசோதாக்கள் வந்தன, நிறைவேறவில்லை. அது அவர்கள் பாடு. தேதிக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் உங்கள் பாடு.

உங்களில் யாரும் சீருடையில் இருப்பவரில்லை என்பதும், ஒரு மனுவை மூன்று குடிமக்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்பதும் எனக்குப் பிடித்த ஏற்பாடு. பிழையைத் திருத்தவோ அநீதியை நீக்கவோ என்று சட்டம் உங்களுக்கு இரண்டு வேலை கொடுத்திருக்கிறது. பிழை என்றால் காகிதம் வேண்டும். அநீதியை நீக்க, காகிதம் ஏன் இல்லை என்று கேட்டாலே போதும். மனு போடுவதற்கான மூன்று வருஷக் கெடுவை நியாயம் கருதித் தளர்த்தும் அதிகாரமும் உங்களிடம் இருக்கிறது. ராக்கெட்டின் நினைவை வெளியே சொல்லவே பலருக்குப் பத்து வருஷம் ஆகும் என்பதை அறிந்து, அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். மனுதாரர் முகாமின் பெயரையும் ஏறக்குறைய நாளையும் தான் தங்கிய இடத்தையும் சொல்லிவிட்டால், மிச்சத்தைத் தேடும் பொறுப்பு படையுடையது என்று உத்தரவிடுங்கள். தாக்குதல் பதிவையும் அறை ஒதுக்கீட்டையும் அவர்கள் எடுத்து வரட்டும். எடுத்துப் பார்த்ததில் அவர் தூரத்தில் இருந்தார் என்று தெரிந்தால் தைரியமாகத் தள்ளுபடி செய்யுங்கள். பதிவு தொலைந்துவிட்டது என்று படை சொன்னால், கூட இருந்த ஒருவரின் உறுதிமொழியையும் மனுதாரரின் சொல்லையும் வைத்துச் சந்தேகத்தின் பலனை அவருக்குக் கொடுங்கள். யாரும் எதையும் தேடிப் பார்க்காமலே சான்று இல்லை என்று மூடிய பழைய கோப்புகளையும் வெளியே எடுங்கள். ஈராக்குக்கு முதலில் போனவர்களில் பலருக்கு இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. சாட்சி சொல்லக்கூடிய நண்பர்கள் உயிரோடு இருக்கும்போதே தேடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ராணுவ கிளார்க் ஒருவர்,
வேலூர் மாவட்டம்.